காது, மூக்கு: சில அரிய நோய்களும் அவற்றை அறியும் வழிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1959-ஆம் ஆண்டில் முதல் ஊதுலை எரியத் தொடங்கிய இப்பிலாய் நகரில் நாம் தமிழராய் ஒன்றுகூடி ஆண்டு விழாக் கொண்டாடும் இந்நாளில், இசைக்கும் நாடகத்திற்கும் இடையே மருத்துவத்தைப் பற்றியும் சில சொற்கள் கூறுமாறு விழாக்குழுவினர் பணித்துள்ளனர். இசையைக் கேட்பதற்குக் காது வேண்டும். மண்டபத்தின் பின்புறம் கொதிக்கும் சாம்பாரின் மணத்தை அறிவதற்கு மூக்கு வேண்டும். ஆகவே இவ்விரண்டைப் பற்றியும் இவ்விடத்தில் பேசுவது பொருத்தமற்றதாகாது.

சளி, குறும்பி, காதுவலி ஆகியவை நாம் யாவரும் அறிந்தவை. அவற்றைப் பற்றி இன்று விரிக்கப் போவதில்லை. அரிதாக வருகின்ற சில நோய்கள் இருக்கின்றன. அவை வரும்போது தம் சொந்த முகத்தைக் காட்டுவதில்லை. சளியின் முகத்தையும் குறும்பியின் முகத்தையும் பூண்டே வருகின்றன. அதனால்தான் அவை தீங்கு செய்கின்றன. மருந்து இல்லாமையால் கெட்டவர்களைவிட, நாள் கடத்தியமையால் கெட்டவர்களே மிகுதி. நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் தேர்ந்த பின்பே மருத்துவம் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்த முறை, இத்தகைய நோய்களுக்கே முதன்மையாகப் பொருந்தும்.

இந்நோய்களை அடையாளம் காண ஓர் எளிய விதி உண்டு. நமக்குக் காதும் இரண்டு, மூக்குத் துளையும் இரண்டு. சளி பிடித்தால் இரு துளைகளும் அடைக்கும். ஒவ்வாமையால் தும்மல் வந்தால் இரு துளைகளிலும் நீர் வடியும். முதுமையால் செவி மந்தமானால் இரு காதுகளும் மந்தமாகும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் அடைப்பதும், வடிவதும், குருதி கசிவதும், கேளாமற் போவதும் தொடருமாயின், அதனைச் சாதாரணமென்று எண்ணாமல் காரணம் தேட வேண்டும். எல்லா நோய்க்கும் இவ்விதி பொருந்தாது. எனினும் இன்று நாம் காணவிருக்கும் நோய்களுள் பெரும்பாலானவற்றை இது காட்டிக் கொடுக்கும்.

முதலில் காதை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இரவு நலமாகப் படுக்கிறார். காலையில் எழுந்தால் ஒரு காது அடைத்தாற்போல் இருக்கிறது. உள்ளே ஓர் இரைச்சல். சிலருக்குச் சற்றே கிறுகிறுப்பு. “குறும்பி அடைத்திருக்கும்” என்று ஒருவர் சொல்கிறார். “ஆலைச் சத்தத்தால் வந்தது” என்று மற்றொருவர் சொல்கிறார். சொட்டு மருந்தோ எண்ணெயோ விட்டுக்கொண்டு இரண்டு மூன்று வாரங்கள் கழிகின்றன. ஆலைச் சத்தம் செவியைக் கெடுப்பது உண்மையே. ஆயினும் அது பெரும்பாலும் இரு காதுகளையும் ஏறக்குறைய ஒன்றுபோல், ஆண்டுக்கணக்கில், சிறிது சிறிதாகக் கெடுக்கும். ஓர் இரவில் ஒரு காதை மட்டும் பறிப்பது அதன் வழக்கமன்று. இது உட்செவியும் செவி நரம்பும் திடீரெனத் தளரும் நோயாக இருக்கலாம். 72 மணி நேரத்திற்குள், அடுத்தடுத்த மூன்று சுருதி அளவுகளில் 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் கேட்கும் திறன் குறைந்தால் அதனைத் திடீர்ச் செவிட்டுத்தன்மை என மருத்துவ நூலார் வரையறுப்பர். பெரும்பாலோருக்குக் காரணம் புலப்படுவதில்லை.

அடைப்பையும் நரம்புத் தளர்ச்சியையும் பிரித்தறிய ஒரு சிறு கருவி போதும். அதுவே பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் யாவரும் கண்ட இசைக்கவை. ஜெர்மனி நாட்டு வெபர் என்பவர் 1834-இலும், ரின்னே என்பவர் 1855-இலும் கூறிய சோதனைகளை மருத்துவர்கள் இன்றும் கைவிடவில்லை. அதிரும் இசைக்கவையை நெற்றியின் நடுவே வைத்தால், குறும்பியோ நீரோ அடைத்த காதாயின் அந்தக் காதிலேயே ஒலி உரக்கக் கேட்கும். நரம்பு தளர்ந்த காதாயின் நலமான மறு காதிலே கேட்கும். இசைக்கவை இல்லாத வீட்டில் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று முனகிப் பார்க்கலாம். அடைத்ததாக நினைக்கும் காதில் முனகல் உரக்கக் கேட்டால் அடைப்பாக இருக்கக்கூடும். நல்ல காதில் கேட்டால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இம்முனகல் ஒரு குறிப்பே அன்றி முடிவன்று. செவித்திறன் சோதனையே முடிவு கூறும்.

இந்நோய்க்கு ஸ்டீராய்டு மருந்தை மாத்திரையாகவோ, செவிப்பறை வழியாக ஊசியாகவோ தருவர். முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால் பயன் மிகுதி. நாள் செல்லச் செல்ல வாய்ப்புக் குறையும். சிலருக்குச் செவி தானே திரும்புவதும் உண்டு. ஆனால் யாருக்குத் திரும்பும் என்பதை முன்கூட்டிச் சொல்வாரில்லை. ஆதலால் காத்திருந்து பார்ப்பது அறிவுடைமையாகாது. இவ்வாறன்றி, ஒரு காது மட்டும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மங்கி, இரைச்சலும் உடன் இருந்தால், செவி நரம்பின்மேல் வளரும் சிறு கட்டியும் அதற்குக் காரணமாகலாம். இது புற்றன்று. எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

மற்றொன்று காதில் சீழ். நம் குடும்பங்களில் காதுக்கு எண்ணெய் காய்ச்சி விடும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக உள்ளது. விடுகிறவர்களின் அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆனால் செவிப்பறையில் துளை இருப்பது வெளியே தெரியாது. அத்துளை வழியே எண்ணெய் நடுச்செவியை அடைந்தால் நோய் வளரும். அதிலும், சிறிதளவே வடிந்து மிகுந்த நாற்றமுடைய சீழாயின், அது மருந்துக்கு மட்டும் அடங்கும் சீழாக இராமற் போகலாம். வெளியே இருக்க வேண்டிய தோல் நடுச்செவிக்குள் புகுந்து பையாகத் திரண்டு, அருகிலுள்ள எலும்பைச் சிறுகச் சிறுக அரிக்கும் நோய் ஒன்று உண்டு. கொலஸ்டியேட்டோமா என்பது அதன் பெயர். வலி இராது, அதுவே அதன் வஞ்சகம். அரிப்பு முற்றினால் முகம் ஒரு பக்கம் கோணும், தலை சுழலும், மூளையிலும் சீழ் கட்டும். அறுவையே இதற்கு மருத்துவம்.

நிற்க. இனி மூக்கிற்கு வருவோம். சிறு குழந்தைக்கு ஒரு துளையில் மட்டும் நாறும் சளி வடிந்தால், வேறு காரணம் மெய்ப்பிக்கப்படும் வரை, அத்துளையில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்றே மருத்துவர் கொள்வர். புளியங்கொட்டையோ, பஞ்சோ, மணியோ ஆயின் ஆற அமர எடுக்கலாம். பொம்மையிலும் கைக்கடிகாரத்திலும் உள்ள பொத்தான் போன்ற பேட்டரியாயின் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. ஈரம் பட்டவுடன் அதிலிருந்து மின்னோட்டம் பாய்ந்து காரப் பொருள் உண்டாகி, சில மணி நேரத்திற்குள் மூக்கின் நடுச்சுவரை வெந்து துளைபடச் செய்யும். அந்நேரத்தில் சொட்டு மருந்தோ உப்பு நீரோ விட்டால் தீங்கு பெருகும். இரவாயினும் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

இப்போது கூறப்போகும் நோய்க்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. மூக்கினுள் சிவந்த சதை வளர்கிறது. அதன் மேல் வெண்ணிறப் புள்ளிகள் காணப்படுகின்றன. ஸ்டிராபெர்ரி பழத்தைப் போன்ற தோற்றம். தொட்டாலும் தும்மினாலும் குருதி வடிகிறது. ரைனோஸ்போரிடியோசிஸ் எனப்படும் இந்நோயை 1900-ஆம் ஆண்டில் அர்ஜென்டினா நாட்டில் சீபர் என்பவர் விவரித்தார். ஆயினும் இது மிகுதியாகக் காணப்படுவது இந்தியாவிலும் இலங்கையிலும்தான். தமிழ்நாட்டில் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் காண்கிறோம். நாம் குடியேறியிருக்கும் இந்தச் சத்தீஸ்கர் மண்ணிலும் காண்கிறோம். இரண்டிற்கும் பொதுவானது யாதெனில், கண்மாயும் ஊருணியும் குளமுமாகிய தேங்கு நீரே. மனிதரும் மாடும் ஒருங்கே குளிக்கும் நீரிலுள்ள நுண்ணுயிர், மூக்கின் உட்தோலில் உள்ள சிறு கீறல் வழியே புகுவதாகக் கருதப்படுகிறது. ஆற்று மணல் அள்ளுவோருக்கும் இது வருவதுண்டு. அந்நுண்ணுயிரை நெடுங்காலம் காளான் வகை என்றே எண்ணியிருந்தனர். மரபுப் பொருளை ஆராய்ந்த பின், 1999 முதல், காளானும் அல்லாத வேறோர் இனத்தில் வைத்துள்ளனர். அதனை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்துக் காண இயலவில்லை. ஆகவே வெட்டியெடுத்த சதையை நுண்ணோக்கியில் கண்டே நோயை உறுதி செய்கின்றனர்.

இதற்கு மருத்துவம், சதையை அகற்றி அதன் அடிப்பகுதியை மின்சூட்டினால் பொசுக்குதல். அடி சிறிது எஞ்சினாலும் மீண்டும் முளைக்கும்; ஆதலால் பல மாதங்கள் வரை கண்காணிப்பு வேண்டும். மறுபடி வராதிருக்க, தொழுநோய்க்கு வழங்கும் டாப்சோன் மருந்தையும் சிலருக்குத் தருவர். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. குளத்தில் குளித்தவர் எல்லோருக்கும் வருவதுமன்று. எனவே விடுமுறைக்கு ஊர் செல்லும் பிள்ளைகளைக் குளத்தின் பக்கமே விடாமல் அஞ்ச வேண்டியதில்லை. மாடு குளிப்பாட்டும் கலங்கல் நீரில் மூழ்கி விளையாடுவதைத் தவிர்த்தால் போதும். ஊரிலிருந்து வந்த பின் ஒரு பக்கம் மூக்கடைத்து இரத்தம் கசிந்தால், ‘சூடு’ என்று சொல்லி மோர் கொடுத்து நிறுத்திவிடாமல் மூக்கினுள் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பதின்பருவத்து ஆண் பிள்ளைக்கு ஒரு பக்கம் அடைப்பும், அடிக்கடி மிகுதியான இரத்தப் போக்கும் இருப்பின் அது வேறு. மூக்கின் பின்புறத்தில் இரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டி ஒன்று அவ்வயதில் தோன்றக்கூடும். அதில் சிறு துண்டு வெட்டிச் சோதிக்க முயன்றால் குருதி அடங்காமல் பெருகும். ஸ்கேன் படத்தைக் கொண்டே அறிய வேண்டும்.

குனியும்போது ஒரு துளையிலிருந்து தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. தொண்டையில் இறங்கினால் உப்புக் கரிக்கிறது. ‘ஜலதோஷம்’ என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கியோர் உண்டு. அது மூளையைச் சூழ்ந்துள்ள நீராக இருக்கலாம். தலையில் அடிபட்டோருக்கும், உடல் பருத்த நடுவயதுப் பெண்களுக்கும் இது வருவதுண்டு. அந்நீரைச் சிறு குப்பியில் பிடித்து, பீட்டா 2 டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் உள்ளதா என்று சோதித்தால் ஐயம் தீரும். விட்டுவிட்டால் கிருமி மேலேறி மூளை உறைக் காய்ச்சல் உண்டாகும். மூக்கின் வழியாகவே எண்டோஸ்கோப் செலுத்தி அத்துளையை அடைக்கும் அறுவை இன்று நன்கு பலனளிக்கிறது.

2021-ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் நாடெங்கும் பேசப்பட்ட கருப்புப் பூஞ்சை நோயை நாம் மறந்திருக்க மாட்டோம். அதுவரை அரிதாயிருந்த அந்நோய், அவ்வாண்டில் அரசு கட்டாயமாக அறிவிக்கச் சொல்லும் அளவிற்குப் பரவிற்று. பூஞ்சை கருப்பன்று, அது இரத்தக் குழாய்களை அடைப்பதால் சதை மாண்டு கருகுகிறது. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும், அளவின்றி உட்கொண்ட ஸ்டீராய்டும் அதற்கு வாசல் திறந்தன. சற்று முன் செவியைக் காப்பது என்று கூறிய அதே மருந்து, கண்காணிப்பின்றி உண்டால் இவ்வாறும் செய்யும் என்பதை நினைவிற் கொள்க. கொரோனா தணிந்தாலும் சர்க்கரை நோய் நம்மிடையே உள்ளது. சர்க்கரை மிகுந்த ஒருவருக்கு ஒரு பக்கக் கன்னம் மரத்தல், கண் வீங்குதல், பொருள் இரண்டாகத் தெரிதல், மூக்கிலோ அண்ணத்திலோ கருமை ஆகியவை தோன்றின், அது நாட்கணக்கு அன்று, மணிக்கணக்கு. ஆம்போடெரிசின் மருந்தும், மாண்ட சதையை அகற்றும் அறுவையும், சர்க்கரைக் கட்டுப்பாடும் மூன்றும் சேர்ந்தாலன்றி உயிர் தப்புதல் அரிது.

அன்பர்களே! இவற்றையெல்லாம் கேட்டு, தும்மினாலே அஞ்ச வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஒரு பக்கச் சளியிலும் பெரும்பாலானவை எளிய காரணத்தாலேயே வருவன. நாம் வேண்டுவது அச்சமன்று, கவனம்.

இறுதியாக, புலம்பெயர்ந்து வாழும் நமக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டைக் குறிப்பிட வேண்டும். நம் வீட்டில் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மாவோ மாமியாரோ, “காது அடைக்கிறது”, “இரைகிறது”, “மந்தமாயிருக்கிறது”, “கிறுகிறுக்கிறது” என்று நான்கு வேறு சொற்களை நான்கு வேறு பொருளில் சொல்வார். உடன் செல்லும் பேரன் அவை நான்கையும் இந்தியில் ‘காதில் வலி’ என்ற ஒன்றாக்கி மருத்துவரிடம் கூறுவான். மருத்துவர் வலிக்கு மருந்து எழுதுவார். நோயாளியும் பிழையில்லை, மருத்துவரும் பிழையில்லை, நோய் மட்டும் வளரும்.

ஆகவே மருத்துவமனைக்குப் புறப்படுமுன் ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக்கொள்வோம்: எந்தப் பக்கம்; எந்தத் தேதியில் தொடங்கிற்று; வடிவது நீரா, சளியா, சீழா, குருதியா, நாற்றம் உண்டா; தலைச்சுற்றலோ கண், முகம் ஆகியவற்றில் மாறுதலோ உண்டா; சர்க்கரை உண்டா, உண்ணும் மருந்துகள் யாவை. இவ்வைந்தும் தெரிந்தால் நோயறிதலில் பாதி வழி கடந்தாயிற்று.

நம் சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். கோலப் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் பெயர் கொடுக்கின்ற இளைஞர்கள், இரு மொழியும் தெரிந்த துணையாக, தனித்திருக்கும் முதியோருடன் மருத்துவமனைக்குச் செல்வதற்கும் பெயர் கொடுக்கலாகாதா? மாதத்திற்கு ஒரு முற்பகல் போதும். தமிழை வளர்ப்பதோடு, தமிழில் சொல்லப்படும் நோவு பிழையின்றி மருத்துவர் செவியை அடையச் செய்வதும் தமிழ்த் தொண்டே ஆகும்.