காலைப் பலகாரமும் தலையெழுத்தும்



இன்று நாம் காலையில் உண்ணும் பலகாரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். இதில் பகுத்தறிவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சர்க்கரை வியாதி வந்தவரிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். "தலையெழுத்து" என்கிறார், ஜாதகத்தைப் புரட்டுகிறார், பரிகாரத்துக்குப் பணம் கட்டுகிறார். தட்டில் இருப்பதை மாத்திரம் பார்ப்பதில்லை. 2023-ம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, இந்நாட்டில் இவ்வியாதிக்காரர்கள் சுமார் 10 கோடிப் பேர். அத்தனை பேரையும் ஒரே சனியனா பிடித்தது?

பரம்பரையும், உழைப்பில்லாத உடம்பும் காரணங்களே. ஆனால் நம் கையால் மாற்றக் கூடியது சாப்பாடு அல்லவா? அரிசியும் மாவும் வயிற்றில் சர்க்கரையாக மாறியே இரத்தத்தில் சேருகின்றன. அதை உடம்புக்குப் பயன்படுத்தக் கணையம் இன்சுலின் என்னும் நீரைச் சுரக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, 1922-ம் ஆண்டில் டொரான்டோ நகரில் சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவனுக்குக் குத்திப் பிழைக்க வைத்தார்கள். அதற்கு முன் எந்தத் தாயும் பிரார்த்தனை செய்யாமலா இருந்தாள்?

அதே நகரில் 1981-ம் ஆண்டில் ஜென்கின்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், எந்த உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அளந்து வரிசைப்படுத்தினார்கள். வெள்ளை ரொட்டி வேகமாய் ஏற்றிற்று. பருப்பும் கடலையும் மெதுவாய் ஏற்றின. 1995-ம் ஆண்டில் சிட்னியில் 38 உணவுகளைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை வயிறு நிறைந்திருக்கிறதா என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்றால், வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323. வெண்ணெய் போட்டுச் சுடும் குருவாசான் ரொட்டிக்கு 47. பகட்டான பலகாரம் கடைசியில் நின்றது!

நம் வீட்டுக்கு வாருங்கள். ஐந்து இட்டலி, தண்ணீர்ச் சட்டினி, சர்க்கரை போட்ட காப்பி. பதினோரு மணிக்கே பசிக்கிறது. இது பேராசைப் பசியல்ல, தட்டின் குறை. இட்டலியில் இரண்டைக் குறைத்துக் கெட்டிச் சாம்பார், சுண்டல், முட்டை, காய்கறி சேர்த்துப் பாருங்கள். கேழ்வரகையும் நைசாக அரைத்துக் கூழாக்கினால் சர்க்கரை வேகமாய் ஏறும். "கருப்பட்டியும் தேனும் ஒன்றும் செய்யாது" என்பது வியாபாரிகளின் புராணம்; அவையும் சர்க்கரையே.

இன்னொன்று. அந்தப் பருப்பு யார் தட்டில் விழுகிறது? ஆண்களுக்குக் கெட்டியாய் அள்ளி ஊற்றிவிட்டு, மிஞ்சின சட்டினியைத் தொட்டுக்கொண்டு ஆறின இட்டலியைத் தின்பவள் யார்? இதையும் அவள் தலையெழுத்து என்பீர்களா? பெண்களைக் கூட உட்கார வைத்துச் சமமாய்ப் பரிமாறாத வீட்டில் சுயமரியாதை பேசுவது வீண்.

நான் சொல்லுவதால் நம்பிவிடாதீர்கள். சாப்பிடு முன்னும், சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்டு மாற்றுங்கள். ஜாதகத்தில் எழுதியதைச் சோதிக்க வழியில்லை. தட்டில் இருப்பதைச் சோதிக்க ஒரு சொட்டு இரத்தம் போதும்.