கோதுமை வந்தது; கணக்கு யாருக்குப் போனது?

(பனமரத்துப்பட்டி கூட்டத்தில் ஆற்றிய உரை)



அந்நிய உதவி என்றால் இனாம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பள்ளிக்கூடத்தில் கோதுமை உப்புமாவும் பால் பவுடரும் சாப்பிட்டு வளர்ந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 1961க்குப் பின் மதிய உணவுக்கு ‘கேர்’ நிறுவனம் தந்தது அது. இனாம்தான். பசித்த பிள்ளை சாப்பிட்டது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரேஷன் கடைக்கு வந்த கோதுமை வேறு சங்கதி.

அமெரிக்காவில் சர்க்கார் விவசாயிகளிடம் வாங்கிய தானியம் கிடங்குகளில் மலையாய்க் குவிந்தது. அதைக் காப்பதற்கே செலவு. அதைத் தள்ளிவிட 1954இல் பி.எல். 480 என்ற சட்டம் போட்டார்கள். இந்தியா 1956இல் முதல் ஒப்பந்தம் செய்தது. 1960 மே மாதம் இன்னொன்று: நான்கு வருஷத்தில் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி. விலை உண்டு, தோழர்களே! டாலரில் அல்ல, ரூபாயில். சரக்கில் பாதியாவது அமெரிக்கக் கப்பலில்தான் வரவேண்டும் என்பது அவர்கள் சட்டம். உதவிக் கணக்கில் கப்பல் முதலாளிக்கும் பங்கு!

ரேஷன் வரிசையில் நின்று மில் தொழிலாளி கொடுத்த காசுதான் அந்த ரூபாய். அது அமெரிக்க சர்க்காரின் கணக்கில் ஏறியது. பெரும்பகுதி நம் சர்க்காருக்கே கடனாகவும் மானியமாகவும் திரும்பியது. ஒரு பகுதி அவர்கள் தூதரகச் செலவுக்கு. ஒரு பகுதி இங்கே தொழில் நடத்திய அமெரிக்கக் கம்பெனிகளுக்குக் கடன். 1962 முதல் அதே பணத்தில் தமிழ்ப் புத்தகங்கள் வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். புத்தகமாவது பத்திரமாக இருக்கிறது, அதுவரை சந்தோஷம்.

எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத விலையும் உண்டு. 1965, 66இல் மழை பொய்த்தது. அந்தக் கோதுமை பல உயிரைக் காத்தது மெய். ஆனால் ஜனாதிபதி ஜான்சன் ஒரேயடியாக ஒப்பந்தம் போடாமல், மாதம் பார்த்து, கப்பல் பார்த்து அவிழ்த்துவிட்டார். வியட்நாம் யுத்தத்தைப் பற்றி டில்லி வாய் திறந்தால் அங்கே முகம் சுளித்தார்கள். உலக வங்கியும் அமெரிக்காவும் நெருக்க, 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. இதில் நம்மை யார் கேட்டார்கள்?

1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்குச் செக்கு நீட்டினார். உலகிலேயே பெரிய செக்கு என்று பத்திரிகைகள் எழுதின. புதிதாய் ஒரு மூட்டை தானியம் அதனால் வரவில்லை. நம் ரூபாயில் அவர்களுக்கிருந்த பாத்தியதையில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள், அவ்வளவே.

மண்டியில் அரளிப் பூ போட்டால் எடை எத்தனை, கமிஷன் எத்தனை என்று கேட்கிறோம். ஏரியில் மண் வெட்டிய பெண் மஸ்டர் ரோலைக் கேட்கலாம் என்று 2005இல் வேலை உறுதிச் சட்டம் கிராம சபைக்குத் தணிக்கை உரிமை தந்தது. அதையும் போராடித்தான் பெற்றோம். அந்நிய உதவியில் கணக்கு எந்தப் பக்கம் போகிறது? உதவிப் பணம் உருப்படியாய்ச் செலவாகிறதா என்று பார்க்க பிரிட்டன் 2011இல் தனிக் கமிஷன் அமைத்தது. நல்ல காரியம். ஆனால் அறிக்கை போனது அந்நாட்டுப் பார்லிமெண்டுக்கு. கொடுத்தவன் தன் வரிப்பணத்துக்குக் கணக்கு வாங்கிக்கொள்கிறான். யார் பேரால் வாங்கினார்களோ அவன் வாசலுக்கு அது வருவதில்லை.

ஆகவே, அடுத்த கிராம சபையில், அந்நிய வங்கிப் பணத்தில் ரோடு, குழாய் என்று யாராவது சொன்னால் எழுந்து கேளுங்கள்: இனாமா, கடனா? கடனென்றால் என்ன வட்டி, எத்தனை வருஷம்? கான்ட்ராக்ட் யாருக்கு? இயந்திரம் எந்த நாட்டில் வாங்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா? பதிலை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.