மழை பொய்த்ததும் மாந்தர் செய்ததும்



வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் ‘இயற்கையின் சீற்றம்’ என்று எழுதுவது தமிழில் வழக்கமாகிவிட்டது. அத்தொடர் எந்த அளவுக்கு உண்மை என்று எண்ணிப் பார்ப்பது சொல்லை ஆள்வோரின் கடமை. அதற்குத் தாது வருடப் பஞ்சமே தக்க சான்று.

1876-இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சம் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. பருவமழை ஏன் பொய்க்கிறது என்பதற்கு அன்று எவரிடமும் தெளிந்த விடை இல்லை. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், உலகின் பல இடங்களில் பதிவான காற்றழுத்த அளவுகளை ஒப்பிட்டார். பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் தாழும்போது இந்தியப் பெருங்கடற் பகுதியில் உயர்வதையும், அங்கே உயரும்போது இங்கே தாழ்வதையும் கண்டு, அதற்குத் ‘தென் அலைவு’ என்று பெயரிட்டார். பியர்க்னெஸ் என்ற அறிஞர் 1969-இல் அதனை எல் நினோவுடன் இணைத்து விளக்கினார்.

வழக்கமாக, நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து வீசும் காற்று பசிபிக்கின் வெப்ப நீரை இந்தோனேசியா நோக்கித் தள்ளுகிறது. அங்கே ஈரக்காற்று மேலெழுந்து மழையாகிறது. சில ஆண்டுகளில் அக்காற்று தளர, வெப்ப நீர் கிழக்கே பரவுகிறது. காற்று மேலெழும் இடமும் உடன் நகர்கிறது. அப்போது இந்தியாவின் மேல் காற்று கீழிறங்க, தென்மேற்குப் பருவமழை மெலிய நேர்கிறது. 1877-இல் நிகழ்ந்தது அத்தகைய வலிமை மிக்க எல் நினோ.

மழையைக் கடல் தடுத்தது. சோற்றைத் தடுத்தது கடல் அன்று. பஞ்ச காலத்திலும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. லிட்டன் பிரபுவின் அரசு தானிய வணிகத்தில் தலையிட மறுத்தது. வறட்சி இயற்கையுடையது, அதனைப் பெரும் பஞ்சமாக்கியதில் ஆட்சிக்குப் பங்குண்டு.

அன்று மனிதரின் கை களஞ்சியம் வரையே எட்டியது. இன்று அது வளிமண்டலத்தை எட்டியிருக்கிறது. பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் ஒரு பகுதியைக் கரியமில வாயு தடுத்து வைக்கிறது. அத்தகைய போர்வை அறவே இல்லையேல் உலகு உறைந்திருக்கும். மிகுந்தாலோ வெப்பம் ஏறும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்திற்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்தது அவ்வாயு. ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315. இப்போது 420-ஐக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்ததே முதன்மைக் காரணம்.

இவ்வாறு மிகும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கடலே ஏற்கிறது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. பெய்யாவிடில் மண்ணின் ஈரத்தை விரைந்து உறிஞ்சுகிறது.

எல் நினோ மனிதர் படைத்ததன்று. இனியும் அது வரும். ஆனால் வெப்பம் மிகுந்த உலகில் வரும். 2023-இல் அது தோன்றியதை அடுத்து, 2024 அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே வெப்பம் மிக்கதாயிற்று.

தமிழ்க் கவிதை இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டது. அம்முதற்பொருளிலேயே இன்று மனிதரின் வினை கலந்துள்ளது. இயற்கை செய்தது எது, மாந்தர் செய்தது எது என்று பிரித்தறிந்து கவிஞர்கள் எழுதட்டும். செய்தவர் யார் என்று தெரிந்தால்தான், திருத்த வேண்டியவர் யார் என்பதும் தெரியும்.