சிவப்பு மையும் உகரச் சுட்டும்



பல்கலைக்கழகத்திலே தமிழ் இலக்கியமும் மொழியியலும் கற்பதால் வரும் பயன் யாது? இவ்வினாவுக்கு விடை கூறுமுன் எனது பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன்.

ஆசிரிய சேவையில் இணைந்த புதிதில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தான். அதில் அவனுடைய அம்மம்மாவின் பேச்சு ஒன்று வருகிறது: "உதை ஏன் மோனை தூக்கிறாய்? பாரமெல்லே!" நான் 'உதை' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, 'அதை' என்று திருத்தினேன். பையன் கொப்பியைப் பார்த்துவிட்டு, "அம்மம்மா அப்பிடித்தான் சேர் சொன்னவ" என்றான். "பேசுவது வேறு, எழுதுவது வேறு" என்று கூறி அனுப்பிவிட்டேன்.

அன்றிரவுதான் உறைத்தது. அ, இ, உ ஆகிய மூன்றும் சுட்டு என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். அதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றவன் நான். தமிழகத்துப் பேச்சில் வழக்கிறந்துபோன உகரச் சுட்டு, யாழ்ப்பாணத்துப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. கேட்பவனுக்கு அண்மையில் உள்ள பொருளையே 'உது' என்கிறோம். சுமை பேரனின் கையில் இருந்தது. ஆகவே 'உதை' என்பதே பொருத்தமான சொல். நான் இட்ட 'அதை' பொருளையே கெடுத்துவிட்டது. நூலில் படித்த இலக்கணம் ஒரு மூதாட்டியின் வாயில் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இந்தக் குறையை நீக்கும் வழியை நமது பேராசிரியர்கள் எப்போதோ காட்டிச் சென்றுள்ளனர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர் விபுலாநந்த அடிகள். 1947இல் அவர் மறைந்தபின் அப்பதவிக்கு வந்தவர் க. கணபதிப்பிள்ளை. இவர் இலண்டனில் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். கல்வெட்டில் இலக்கிய வழக்கோடு மக்கள் வழக்கும் கலந்து வரும். இலக்கண ஆசிரியர் வழு என்று ஒதுக்குவதை மொழியியலாளர் சான்று என்று எடுத்து வைப்பார்.

அதே பேராசிரியர்தான் 1940இல் 'நானாடகம்' என்ற நூலை வெளியிட்டார். அந்நாடகங்களின் மாந்தர் யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே உரையாடுகின்றனர். கல்லிலே பழைய பேச்சைத் தேடிய அறிஞருக்குத் தம் ஊரவரின் பேச்சு இழிவாகத் தோன்றவில்லை. அவரைத் தொடர்ந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன், கிராமத்து முற்றங்களில் ஆடப்பட்ட கூத்தைப் பேராதனை மாணவரைக் கொண்டு நவீன அரங்கிற்குக் கொணர்ந்தார். 'கர்ணன் போர்' 1962இலும் 'இராவணேசன்' 1964இலும் மேடையேறின. பேராசிரியர் சுசீந்திரராசா யாழ்ப்பாணத் தமிழை மொழியியல் முறைப்படி விவரித்தார்.

இவ்வாறாயின் மாணவர் விடைத்தாளைப் பேச்சு மொழியில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அது எனது கருத்தன்று. எழுத்து வழக்கைச் செம்மையாகக் கற்பிப்பது எமது கடமை. அது தெரியாத பிள்ளை விண்ணப்பம் எழுதவும் ஆய்வு செய்யவும் இடர்ப்படும். கணபதிப்பிள்ளை அவர்களும் தமது ஆய்வுக் கட்டுரைகளைப் பேச்சு மொழியில் எழுதவில்லை. எந்த இடத்துக்கு எந்த நடை பொருந்தும் என்று அறிவதே சொற்கலை. அம்மம்மாவின் கூற்றிலே அம்மம்மாவின் மொழி வரவேண்டும். அதைச் சுற்றியுள்ள விவரணம் எழுத்துத் தமிழில் அமையலாம். அந்த மாணவன் இதனை இயல்பாகவே செய்திருந்தான். குழப்பியவன் நான்.

தன் வீட்டுப் பேச்சு பிழையென்று திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளை, நாளடைவில் தன் வீட்டையே பிழையென்று எண்ணத் தலைப்படும். பிறகு தனக்குத் தெரிந்ததை எழுதாது, குறிப்புப் புத்தகத்தில் உள்ளதை மனனஞ்செய்து எழுதும். அணியின் பெயர் சொல்லும். அந்த அணி அங்கே என்ன செய்கிறதென்று சொல்லாது. நாம் குறைப்படும் இந்த நிலைக்கு எமது சிவப்பு மையும் ஒரு காரணமே.

மறுநாள் அந்தக் கொப்பியை வாங்கி, 'அதை' என்ற எனது திருத்தத்தை வெட்டினேன். பின்னர் கரும்பலகையில் அது, இது, உது என்று எழுதி, அம்மம்மாவின் வசனத்தைக் கொண்டே சுட்டெழுத்தைக் கற்பித்தேன். பின்வாங்கில் இருப்பவர்களும் அன்று கை உயர்த்தி உதாரணம் சொன்னார்கள். உயர்கல்வியால் நான் அடைந்த பயன் யாதென்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு பாடவேளையையே விடையாகக் கூறுவேன்.