குளம் தேடினால் குளத்தைக் காணோம்

(நாகர்கோவிலில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தமிழாசிரியன் கணிப்பொறியைப் பற்றிப் பேசப் போகின்றான் என்று தலைவர் அறிவித்தவுடன் பின்வரிசையில் சிலர் நகைத்தது என் செவியில் விழுந்தது. நகையுங்கள், தவறில்லை. யாப்பும் அணியும் பேசிப் பழகிய வாய், செய்தியோடை என்றும் ஆவணக் களம் என்றும் பேச நேர்ந்தது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

பணியில் சேர்ந்த நாள்தொட்டு எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நம் நாஞ்சில் நாட்டுக் குளம், கால்வாய், ஏலா, அணை ஆகியவற்றைப் பற்றி எந்த நாளிதழில் எது வந்தாலும் கத்தரித்துக் குறிப்பேட்டில் ஒட்டி, மேலே நாளும் இதழின் பெயரும் எழுதி வைப்பேன். சில ஆண்டுகட்கு முன்னர் எங்கள் ஊர்ப்பக்கத்துக் குளமொன்றின் கரையை யாரோ சரித்து மண்ணடித்தபோது, ஊரார் என்னையும் அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றார்கள். "இங்குக் குளம் இருந்ததற்கு எழுத்துச் சான்று உண்டா?" என்று கேட்டார்கள். உண்டு என்று மார்தட்டி வீட்டிற்கு வந்து பெட்டியைத் திறந்தேன். குறிப்பேட்டில் அட்டை இருந்தது. உள்ளே கறையான் புற்று இருந்தது. சரி, அச்செய்தி இணையத்திலும் வந்ததாயிற்றே என்று முகவரியைத் தட்டினால், அப்படியொரு பக்கமே இல்லை என்றது திரை. தாளைத் தின்னக் கறையானுக்குச் சில ஆண்டுகள் வேண்டும். இணையப் பக்கம் அழிய ஒரு நொடி போதும்.

ஆவணம் காப்பது நமக்குப் புதிதன்று. அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தார் வழிவழியாகக் காத்துவந்த ஓலைகளைத் தேரூர்க் கவிமணி அவர்கள் தேடிப் படித்தார்கள், பிற்காலத்தில் அ.கா. பெருமாள் அவர்கள் அவற்றைப் பதிப்பித்தார்கள். நிலமும் வரியும் மட்டுமா, மாந்தனை மாந்தன் அடிமையாக விற்ற கொடுமையும் அவ்வோலைகளால் அன்றோ நமக்குத் தெரியவந்தது? செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த உரோசா முத்தையா என்னும் பெருமகனார் தனியொருவராய் நூலும் இதழும் நறுக்குகளும் திரட்டினார். அவர் 1992-இல் மறைந்தபின் அத்திரட்டைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் விலைகொடுத்து வாங்க, அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாய் நிற்கின்றது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் வெந்தன. அந்தச் சாம்பலை மறவாத ஈழத்து இளைஞர்கள் 2005-இல் 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள்.

இனி என் வரலாறு. பழைய மாணாக்கர் ஒருவர் மென்பொருள் துறையில் இருக்கின்றார். என் புலம்பலைக் கேட்டு, "ஐயா, வெட்டி ஒட்டும் வேலையைப் பொறியிடமே விட்டுவிடுவோம்" என்றார். அவர் செய்து தந்ததை விளங்கச் சொல்கின்றேன்.

செய்தித் தளங்கள் பல, தாம் வெளியிடும் செய்திகளின் தலைப்பு, சுருக்கம், முகவரி, நாள், அடையாள எண் ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதி ஓரிடத்தில் வைக்கின்றன. அதுவே செய்தியோடை. 1999-இல் நெட்சுகேப்பு நிறுவனத்தார் தொடங்கிய முறை அது. அதற்கு ஆங்கிலத்தில் ஆர்.எசு.எசு. என்று மூன்றெழுத்துப் பெயர். வேறொன்றை எண்ணிக்கொண்டு யாரும் எழுந்து போய்விட வேண்டா! செய்தித்திரட்டி என்னும் மென்பொருள், நாம் குறித்துக் கொடுத்த ஓடைகளை மணிக்கொருமுறை சென்று பார்த்துப் புதியவற்றை எடுத்து வரும். இது முதற்படி.

அடுத்தது கட்டளை. "தலைப்பிலோ சுருக்கத்திலோ இன்ன சொல் இருந்தால், அந்தப் பக்கத்தை முழுதும் படியெடு, நாளையும் இதழின் பெயரையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயரிடு, இன்ன அடுக்கில் வை." ஓடையில் பெரும்பாலும் சுருக்கமே வருமாதலால், முழுப் பக்கத்தைப் படியெடுக்கும் வேலையை விட்டுவிடலாகாது, விட்டால் நாளை முகவரி மட்டுமே எஞ்சும், செய்தி எஞ்சாது. ஒரே செய்தி இருமுறை வாராதபடி அடையாள எண்ணை ஒப்பிட்டுத் தள்ளவும் வேண்டும். கடைசியாக ஆவணக் களம்: வந்த கோப்பைப் பெற்று, அச்சுத்தாளின் படமாயின் எழுத்தை அடையாளங்கண்டு உரையாக்கி, ஊர்வாரியாகவும் பொருள்வாரியாகவும் குறியிட்டு, கேட்டவுடன் எடுத்துத் தருவது. பேப்பர்லெசு போன்ற விலையில்லா மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. அதன் உள்வாயிற் கோப்புறையில் ஒன்றை இட்டால் போதும், அதுவே எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் அமைத்தாயிற்று. முதற் கட்டளைச் சொல் 'குளம்'. ஒரு திங்கள் சென்று பார்த்தால் வந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. வீட்டிற்கு வரும் அச்சிதழை எடுத்து ஒப்பிட்டேன். 'குளத்தில் கழிவுநீர்', 'குளத்தைத் தூர்வாரக் கோரிக்கை', 'குளங்களைக் காப்பாற்றுங்கள்', 'குளக்கரையில் மரம் வெட்டு'. இவற்றுள் ஒன்றுகூடக் களத்துக்குள் வரவில்லை! ஏன்? பொறி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். மகர ஈற்றுச் சொல் வேற்றுமை ஏற்குங்கால் மகரம் கெட்டு அத்துச் சாரியை பெறும் என்பது ஆங்கிலேயன் செய்த பொறிக்கு எப்படித் தெரியும்?

"ஐயா, இதை எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தரவில்லையே" என்றார் மாணாக்கர். "தம்பி, பள்ளியில் நான் சொல்லித் தந்தேன், நீ பின்வரிசையில் இருந்தாய்" என்றேன்.

சரி, 'குள' என்று மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்றார். மறுநாள் குளச்சல் மீன் விலை வந்தது. குளவி கொட்டியவர் செய்தி வந்தது. 'குளிர் அதிகம்' என்ற செய்தியும் வந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நாம் 'ளி' என்பதை ஓரெழுத்தாகக் காண்கின்றோம். ஒருங்குகுறியிலோ அது 'ள' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. ஆகவே பொறியின் கண்ணுக்குக் 'குளிர்' என்பதற்குள் 'குள' இருக்கின்றது. அதே கரணியத்தால் 'குளம்' என்று புள்ளியோடு கொடுத்தால் 'குளமும்' அகப்படாது. புள்ளியை நீக்கிக் 'குளம' என்று கொடுத்தால் இரண்டும் அகப்படும். இருவரும் உட்கார்ந்து குளம, குளத்த, குளங்க, குளக்க என நான்கு வடிவம் வகுத்தோம். செய்திகள் ஒழுங்காக வரத் தொடங்கின. சென்னைக் குளத்தூர்ச் செய்திகளும் உடன்வந்தன! அதை விலக்க ஒரு கட்டளை. நன்னூல் கற்றவன் ஒருவன் பக்கத்தில் இராமல் இவ்வேலை நடவாது என்று நான் சொன்னால் அது தற்பெருமையன்று.

இன்னொரு தொல்லை, ஊர்ப்பெயர். நாகர்கோவில் என்றும் நாகர்கோயில் என்றும் எழுதுகின்றார்கள். அதுவாவது கண்ணுக்குத் தெரியும். 'கோ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் தட்டலாம். ஒற்றைச் சுழியல்லாத இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பொறிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒருவடிவாக்கியபின் ஒப்பிடுக என்று கட்டளையில் சொல்லவேண்டும். ஒளகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டும் பிழைக்கோ இந்த மருந்தும் இல்லை; தட்டுபவர்தாம் திருந்த வேண்டும்.

"இதற்கெல்லாம் பெரிய நிறுவனங்கள் இலவயமாகச் செய்துதரும் களங்கள் இருக்கின்றனவே" என்று கேட்பீர்கள். கூகுள் நிறுவனத்தார் 2005-இல் நல்லதொரு செய்தித்திரட்டியைத் திறந்தார்கள். உலகெங்கும் மக்கள் அதை நம்பியிருந்தனர். 2013 சூலை முதல் நாள் மூடிவிட்டார்கள். பிறன் வீட்டுத் திண்ணையில் நெல்லைக் காயவைத்தவன் அவன் கதவடைக்கும் நேரத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே எங்கள் களம் என் வீட்டுப் பழைய கணிப்பொறியில் இயங்குகின்றது. படியொன்று மாணாக்கர் வீட்டிலும், இன்னொன்று வெளியூரில் உறவினர் வீட்டிலும் உள்ளது. செய்திகளுக்கு உரிமை அந்தந்த இதழ்களுடையது; யாம் அவற்றை வெளியிடுவதில்லை, தேடிப் பார்ப்பதற்கே வைத்திருக்கின்றோம். ஓடை வழங்காத இதழ்களுக்கு இன்றும் என் கத்தரிக்கோலே துணை. ஒட்டிய பக்கத்தைப் படமெடுத்துக் கோப்புறையில் இடுகின்றேன்.

அந்தக் குளம் என்னாயிற்று என்று கேட்கின்றீர்கள். பாதி போயிற்று. மறுபாதிக்கு ஊரார் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றார்கள். இப்போது கையில் தேதியிட்ட நாற்பது படிகள் இருக்கின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை மீண்டும் இங்கேயே கூடுகின்றோம். வரும்போது உங்கள் ஊர்க் குளங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வாருங்கள். பட்டயத்தில் உள்ள பெயர் ஒன்று, வாயில் வழங்கும் பெயர் ஒன்று, செய்தியாளர் எழுதும் பெயர் ஒன்று என்று மூன்றிருந்தால் மூன்றையும் எழுதுங்கள். மாணாக்கரும் வருகின்றார்; அங்கேயே கட்டளையில் ஏற்றிவிடுவார்.