வாய் பொத்தா வாழ்வு
(வெள்ளி விழாவில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)



கைகட்டி வாய் பொத்தி நிற்குமாறு நம் முன்னோர் பணிக்கப்பட்டனர். அவ்விழிவைத் துடைக்கவே நாம் கல்வியை ஏந்தினோம். இன்றோ, இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் பட்டம் பெற்று நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் சிலர், பல் எத்தியிருக்கிறதென்று நாணித் தாமே வாயைப் பொத்திக்கொள்கின்றனர். இது நம் நெஞ்சைச் சுடுகிறது. எனவே பல் சீரமைப்புப் பற்றிச் சில கூற விழைகிறோம்.

பல் வரிசை தவறுவது யாருடைய குற்றமும் அன்று. தாடை சிறிதாகவும் பல் பெரிதாகவும் அமைவது பெரும்பாலும் பரம்பரையால் நேர்வது. விரல் சூப்பும் பழக்கம் நீடித்தால் முன்பற்கள் எத்தும். பால்பல் சொத்தையாகி உரிய காலத்திற்கு முன்பே விழுந்தால், அண்டைப் பற்கள் சாய்ந்து, பின்வரும் பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா நம் ஊரின் பெருமை, பிள்ளைகள் உண்ணட்டும். உண்டபின் வாய் கொப்பளிக்கவும் இரவில் பல் துலக்கவும் பழக்குவோம். ‘விழப்போகும் பல்தானே’ என்று இருந்துவிடலாகாது.

பல், சுவரில் அறைந்த ஆணி அன்று. மெல்லிய விசை தொடர்ந்து அழுத்தினால், அழுந்தும் பக்கத்தில் எலும்பு கரையும். மறுபக்கத்தில் புதிதாய் வளரும். பல் மெல்ல நகரும். சிகிச்சை முழுவதற்கும் இதுவே அடிப்படை.

சிறு கோணலுக்குக் கழற்றி மாட்டும் கிளிப் போதும். பெரும்பாலோர்க்கு ஏற்றது பல்லில் ஒட்டிக் கம்பி கட்டும் உலோகக் கிளிப். ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். பல்நிறப் பீங்கான் கிளிப் பார்வைக்கு அவ்வளவாகத் தெரியாது, விலை கூடுதல். ஒளிபுகும் அலைனரை நாள்தோறும் 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும். எல்லாக் கோணலுக்கும் அது பொருந்தாது. இடம் போதாதபோது சில பற்களை எடுக்க நேரலாம். தாடையே மிகவும் பிறழ்ந்திருந்தால், வளர்ச்சி முடிந்தபின் அறுவை தேவைப்படலாம். முடிவில் ரிடெய்னர் அணியத் தவறினால் பற்கள் பழைய இடத்திற்கே திரும்ப முயலும்.

ஏழு வயதளவில் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது நன்று. ஈறும் எலும்பும் உறுதியாயிருந்தால் வயது வந்தோரும் சிகிச்சை பெறலாம். தொடங்குமுன் மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை மாதம், பல் எடுக்க வேண்டுமா என்று கேட்டறிக. முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டி ஆலோசனை பெறுக. 1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் செலவு குறைவு. ஆயினும் மாதந்தோறும் சென்று திரும்பும் செலவையும் கணக்கிடுக. தகுதி பெறாதோர் கையில் வாயை ஒப்படைக்காதீர்.

இன்னொன்றும் சொல்வோம். மெல்லவும் துலக்கவும் தடையில்லாத சிறு கோணலை அப்படியே விடுவதும் தக்க முடிவே. அழகுக்காகப் படிப்புப் பணத்தைச் செலவிட்டு, வட்டிக்கடனில் வீழ வேண்டா. பல் கோணலாயினும் சொல் நேராக ஒலிக்கட்டும். நம் பிள்ளைகள் எந்த அவையிலும் வாய் திறந்து பேசட்டும், வாய் விட்டுச் சிரிக்கட்டும்.