மலைப்பாதையும் சாய்வுத் தண்டும்



கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் வீதியிலே, திகன, தெல்தெனிய ஆகிய இடங்களைக் கடந்து மலையேறினால் ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூர் வரும். அங்கிருந்து பிரியும் பாதையொன்று லூலேவத்தை, கோர்பட் கணவாய் வழியாக, நக்கிள்ஸ் மலைகளின் மடியிலுள்ள மீமுரே கிராமத்துக்கு இறங்குகிறது. ஹுன்னஸ்கிரிய வரையில் வளைந்து வளைந்து ஏறும் தார் வீதி. அதற்கப்பால் கல்லும் பள்ளமும் மழைநீர் அரித்த குழிகளும் கொண்ட ஒடுங்கிய மலைப்பாதை. ஒரே வண்டி ஒரே நாளில் இவ்விரண்டிலும் ஓடவேண்டியிருக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

என்னிடம் பல ஆண்டுகளுக்கு முன் கல்வி கற்ற ஒருவர், நான்கு சக்கர இயக்கமுள்ள ஜப்பானிய வண்டியொன்றை வைத்துத் தொழில் செய்கிறார். வார இறுதியில் உல்லாசப் பயணிகளை மீமுரேக்கு அழைத்துச் செல்வார். பாடசாலை நாட்களில் தோட்டப் பகுதியிலிருந்து ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் ஏற்றி இறக்குவார். சென்ற விடுமுறையில் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

“சேர், வண்டியின் பின்பக்கத்து ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றிவிட்டால் கல்லுப் பாதையில் நன்றாக ஏறும் என்று கராஜில் சொல்கிறார்கள். கழற்றட்டுமா?” என்று கேட்டார்.

“தம்பி, நான் தமிழும் வரலாறும் படித்தவன். என்னிடம் வந்து இதைக் கேட்கிறீரே!” என்றேன்.

“பாடசாலைப் பிள்ளைகள் ஏறுகிற வண்டி சேர். அதனால்தான் கேட்கிறேன்” என்றார்.

அதற்குப் பின் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப மனம் இடந்தரவில்லை. சில நூல்களைப் புரட்டினேன். அனுபவமிக்க இரண்டு மெக்கானிக்குகளிடம் விசாரித்தேன். அவ்வாறு அறிந்துகொண்டதையே உங்கள்முன் வைக்கிறேன்.

கராஜ்களிலே ஸ்டெபிலைசர் பார் என்றும் ஸ்வே பார் என்றும் வழங்கும் இப்பொருளை நாம் சாய்வுத் தண்டு என்று அழைப்போம். ‘ப’ வடிவமாக வளைக்கப்பட்ட உருக்குத் தண்டு இது. இடச் சக்கரத்தின் பக்கத்தையும் வலச் சக்கரத்தின் பக்கத்தையும் இணைத்து நிற்பது. இதன் வேலையை விளங்கிக்கொள்ள ஒரு நெகிழும் அடிமட்டம் போதும். அதன் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு இரண்டையும் ஒரே திசையில் திருப்புங்கள், தடையின்றித் திரும்பும். ஒரு முனையை முன்னும் மறு முனையைப் பின்னும் திருப்புங்கள். அடிமட்டம் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். சாய்வுத் தண்டும் அவ்வாறே. இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது அது சும்மா இருக்கும். ஒன்று ஏறி மற்றது இறங்கும்போது மாத்திரம் முறுகி எதிர்க்கும்.

இந்த எதிர்ப்பு ஓரிடத்தில் நன்மையாகவும் வேறோரிடத்தில் இடைஞ்சலாகவும் முடிகிறது. தார் வீதியின் வளைவிலே வண்டியின் உடல் வெளிப்புறமாகச் சாய்கிறது. தண்டு அச்சாய்வைக் கட்டுப்படுத்துகிறது. கல்லுப் பாதையிலோ ஒரு பின்சக்கரம் பாறைமீது ஏற, மற்றது குழிக்குள் இறங்கவேண்டும். தண்டு அதை முழுவதும் இறங்கவிடாது. சக்கரம் நிலத்தை விட்டு எழும்பிவிட்டால், சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் அந்தச் சக்கரம் வெறுமனே சுழல, வண்டி நின்றுவிடும். ஆகவே கராஜில் சொன்னது பொய்யன்று. தண்டைக் கழற்றினால் பின் அச்சு கூடுதலாக அசையும். மெதுவாகச் செல்லும்போது உள்ளே இருப்பவர்களுக்குப் பக்கவாட்டுக் குலுக்கலும் குறையும். ஆயினும் வில்லும் ஷொக் அப்சோர்பரும் நீளும் அளவுக்கு மேல் சக்கரம் இறங்கமாட்டாது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

இனி நட்டத்தைப் பார்ப்போம். பின் தண்டு இல்லாதபோது, வளைவிலே சாய்வைத் தாங்கும் பொறுப்பில் பெரும்பகுதி முன்பக்கத்தின்மீது விழுகிறது. முன் டயர்கள் முதலில் பிடிமானத்தை இழக்கின்றன. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி வளைவின் வெளியோரத்தை நாடிச் செல்லப் பார்க்கும். எங்கள் மலைநாட்டு வீதிகளில் அந்த வெளியோரத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அன்றியும், வளைவில் எதிரே பஸ்ஸொன்று வரக்கண்டு சாரதி சட்டென ஒருபுறம் ஒடித்து மறுபுறம் திருப்பும்போது, வண்டியின் உடல் ஊஞ்சல்போல் இடமும் வலமும் ஆடும். கூரைமேல் மூட்டைகளும் இருந்தால் ஆட்டம் இன்னும் பெரிதாகும்.

“அந்தக் காலத்துத் தோட்டத்து ஜீப்புகளுக்கு இந்தத் தண்டே இல்லையே, அவை ஓடவில்லையா?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த லாண்ட் ரோவர் வண்டிகளில் இத்தண்டு இருக்கவில்லை. ஆனால் அவை விறைப்பான பட்டைவில்களின்மேல் நின்றன. அவ்வில்களே சாய்வை ஓரளவு எதிர்த்தன. அவை ஓடிய வேகமும் குறைவு. பின்னர், 1970இல் நீண்டு சுருங்கும் மென்மையான சுருள்வில்களோடு ரேஞ்ச் ரோவர் வந்தது. அதற்கும் முதலில் சாய்வுத் தண்டு இல்லை. கரடுமுரடான நிலத்தில் திறமையாக ஓடியது, வளைவிலோ பெரிதும் சாய்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றபின், 1990ஆம் ஆண்டளவில், அதை உருவாக்கியவர்களே தண்டைப் பூட்டினார்கள்.

பிற்காலத்தில் இன்னொரு வழியும் காணப்பட்டது. 2007ஆம் ஆண்டு மாதிரியான ஜீப் ரேங்க்ளர் ரூபிகன் வண்டியிலே, முன் சாய்வுத் தண்டை ஒரு பொத்தானை அழுத்தி விடுவிக்கலாம். வேகம் மணிக்குச் சுமார் முப்பது கிலோமீற்றரை எட்டினால் தண்டு தானாகவே மீண்டும் இணைந்துகொள்ளும். சாரதி மறந்துவிடுவான் என்பதை எண்ணியே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள்.

என் மாணவரின் வண்டியில் அந்த வசதி இல்லை. “அப்படியானால் ஹுன்னஸ்கிரியவில் கழற்றி, திரும்பி வரும்போது பூட்டிக்கொள்ளலாமே சேர்” என்றார். செய்யலாம்தான். ஆனால் கழற்றிய முனைகள் தொங்கிப் பிரேக் குழாயில் உரசாதபடி இறுகக் கட்டவேண்டும். திரும்பும்போது மழையிலும் இருட்டிலும் சேற்றில் படுத்து மீண்டும் பூட்டவேண்டும். இதை ஒவ்வொரு வாரமும் தவறாமல் செய்யவேண்டும்.

நான் அவரிடம் ஒன்று கேட்டேன். “ஞாயிறு இரவு களைத்து வந்து, பூட்டாமலே படுத்துவிடுகிறீர். திங்கள் காலை உமக்குக் காய்ச்சல். உம்முடைய தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றப் போகிறார். தண்டு இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?”

அவர் பதில் சொல்லவில்லை. டயரில் காற்றில்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியும். விளக்கு எரியாவிட்டால் இரவில் தெரியும். சாய்வுத் தண்டு இல்லாதது நேர்வீதியில் தெரியவே தெரியாது. அவசரமாகத் திருப்பும் அந்த ஒரு கணத்திலேதான் தெரியும். கழற்றியவன் அறிந்து கவனமாக ஓட்டலாம். அதை அறியாத சாரதியும், பின்னாசனத்துப் பிள்ளைகளும் எவ்வாறு கவனமாக இருப்பர்?

ஆதலால் எனது கருத்து இதுவே. தனியார் காணியிலோ தோட்டத்துக்குள்ளோ மாத்திரம் மெதுவாக ஓடும் வண்டியாயின், உடையவர் விரும்பினால் பின் தண்டைக் கழற்றட்டும். பொது வீதியில் பிறரை ஏற்றிச் செல்லும் வண்டியில் அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கட்டும். மாற்றம் எதுவாயினும், மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

கல்லுப் பாதைக்கு வேறு உபாயங்கள் இல்லாமலில்லை. நல்ல டயர் போடலாம். கரடுமுரடான பகுதியில் காற்றைச் சிறிது குறைத்து, தார் வீதிக்கு வந்ததும் மறுபடி நிரப்பலாம். தேய்ந்த றப்பர் புஷ்களையும் ஷொக் அப்சோர்பர்களையும் மாற்றலாம். கூரைச் சுமையை இறக்கலாம். எந்தக் கல்லின்மேல் எந்தச் சக்கரத்தை ஏற்றுவது என்று இறங்கிப் பார்த்துவிட்டு ஓட்டலாம்.

அண்மையில் அவரை மீண்டும் கண்டேன். டயரும் புஷ்களும் மாற்றியிருந்தார். தண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. “மோசமான இரண்டு இடங்களில் மாத்திரம் பயணிகளை இறங்கி நடக்கச் சொல்கிறேன் சேர். வண்டியும் இலேசாகிறது, அவர்களும் மலையைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள்” என்றார்.

மறுநாட் காலை அவ்வண்டி பிள்ளைகளோடு பாடசாலை வாயிலில் வந்து நின்றபோது, நான் வழக்கத்திலும் சற்று நிம்மதியாக மணியை அடிக்கச் சொன்னேன்.